ஃபேரர் பார்க்கும் யுத்தக் கைதியின் அந்தஸ்தும்

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த சில மாதங்களுக்குள் இரண்டு ராணுவ நீதிமன்றங்களின் முன் இரண்டு வழக்குகள் வந்தன. 1945 நவம்பர் 5 அன்று டில்லிச் செங்கோட்டையில் தொடங்கிய முதல் வழக்கில், ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லோன் என்ற மூன்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள், மன்னருக்கு விரோதமாக யுத்தம் செய்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டு நின்றார்கள். அக்காலத்தில் பத்திரிகை வாசிக்கத் தெரிந்த தமிழர் எவரும் அவ்வழக்கைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்க மாட்டார். அது முடிந்து மூன்று வாரமே ஆன நிலையில், 1946 ஜனவரி 21 அன்று, சிங்கப்பூரில் நடந்த முதல் யுத்தக் குற்ற வழக்கு தொடங்கிற்று. கோசாவா சடாய்ச்சி என்ற காப்டன் உள்ளிட்ட ஜப்பானியர் பதின்மர், சிங்கப்பூரிலிருந்து பலாவுத் தீவுக் கூட்டத்துப் பாபெல்துவாப்புக்குக் கப்பலில் கொண்டுசெல்லப்பட்ட இந்தியக் கைதிகளைப் பட்டினியாலும் அடியாலும் வதைத்ததாகவும், அவர்களில் ஒருவனைத் தலை வெட்டிக் கொன்றதாகவும் அதில் குற்றம் சாட்டப்பட்டது. இவ்வழக்கைத் தமிழில் எவரும் பேசியதாகச் சொல்ல இயலாது.

முன்னதைச் சுதந்திரப் போராட்டத்தின் சரித்திரத்திலும் பின்னதைச் சர்வதேசச் சட்டத்தின் சரித்திரத்திலும் வைத்துப் படிப்பதே வழக்கமாகிவிட்டபடியால், இரண்டும் 1942 பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபேரர் பார்க் மைதானத்தில், சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரே காரியத்தைப் பற்றிய விவாதங்கள் என்பது கவனத்துக்கு வருவதில்லை. டில்லியில் பிரதிவாதிகளுக்காக வாதாடிய பூலாபாய் தேசாயும், சிங்கப்பூரிலும் நியூ பிரிட்டன் தீவின் ரபவுலிலும் நடந்த இத்தகைய வழக்குகளில் ஜப்பானியருக்காக வாதாடியவர்களும், நோக்கத்தால் எதிரெதிர்த் திசையில் நின்ற போதிலும், சரணாகதிக்குப் பின் அந்தச் சிப்பாய்கள் பழைய அந்தஸ்தில் இருக்கவில்லை என்ற ஒரே கூற்றையே ஆதாரமாகக் கொண்டார்கள். பிரிட்டிஷ் தரப்போ இரண்டு இடத்திலும் அந்தஸ்து மாறவில்லை என்றது. செங்கோட்டையில் அதன் பொருள், அவர்கள் இன்னும் மன்னரின் சிப்பாய்கள், ஆகையால் தண்டனைக்குரியவர்கள் என்பது. சிங்கப்பூரில் அதன் பொருள், அவர்கள் இன்னும் யுத்தக் கைதிகள், ஆகையால் பாதுகாப்புக்குரியவர்கள் என்பது.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த கைதிகள் தேசபக்தர்களா, துரோகிகளா என்ற பழைய வினாவை இக்கட்டுரை எழுப்பவில்லை. அவ்வினாவுக்கு முன்னே தீர்க்கப்பட வேண்டிய வினா ஒன்று உண்டு என்பதும், அது தீர்க்கப்படாததால்தான் ராணுவத்தில் சேர்ந்தவனும் சேர மறுத்தவனும் ஒருங்கே பாதுகாப்பை இழந்தார்கள் என்பதும் இங்கே வாதிக்கப்படுகின்றன. விசுவாசம் எவர்பால் இருந்தது என்பதைப் பொறுத்துக் கைதியின் அந்தஸ்து அமைவதில்லை. அது அவன் ஆயுதத்தைக் கீழே வைத்ததாலும், பகைவன் கையில் இருப்பதாலும் மட்டுமே அமைவது. ஃபேரர் பார்க்கில் குலைந்தது இந்த நியாயம். குலைத்த கைகளில் ஜப்பானியர் கை மட்டும் இருக்கவில்லை.

கைதிகள் எவ்வாறு உண்டானார்கள் என்பதற்கும், படை கடல் வழியே வந்ததற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1941 டிசம்பர் 8 அன்று நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில், பேர்ல் துறைமுகம் தாக்கப்படுவதற்கும் முன்பாகவே, அவாஜிசான் மாரு, அயாதோசான் மாரு, சகுரா மாரு என்னும் மூன்று கப்பல்களிலிருந்து ஜப்பானியத் துருப்புகள் கிளந்தானின் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கின. சபாக், படாங் கரைகளில் முள்வேலிக்குப் பின்னே நின்று அவர்களை எதிர்த்தவர்கள் டோக்ரா ரெஜிமெண்டைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்கள். இறங்கியவர்களுக்குச் சேதம் கடுமையாக இருந்தது. அவாஜிசான் மாரு விமானத் தாக்குதலில் தீப்பற்றி அழிந்தது. எனினும் கரை நிலைக்கவில்லை. அதே வேளையில் தாய்லாந்தின் சிங்கோராவிலும் பட்டானியிலும் இறங்கிய பெரும்படை ஜித்ராவில் 11ஆம் இந்திய டிவிஷனை உடைத்துக்கொண்டு தெற்கே பாய்ந்தது. சைக்கிளில் விரைந்த காலாட்படையும், கடலோரமாகப் படகில் சென்று பின்புறத்தில் இறங்கிய சிறு படைகளுமாகச் சேர்ந்து, நெடுஞ்சாலையை நம்பி நின்ற இந்தியப் பட்டாளங்களைத் துண்டித்தன. ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றங்கரையில் இரண்டு பிரிகேடுகள் ஒரு காலைப்பொழுதுக்குள் சிதைந்துபோயின.

இவ்வாறு சிதறியவர்கள் ரப்பர்த் தோட்டங்களிலும் சதுப்புகளிலும் அலைந்து, பசியும் காய்ச்சலுமாக, இருவர் மூவராக அகப்பட்டார்கள். மொத்தமாகச் சரணடையும் சேனைக்கு ஒரு சேனாதிபதி உண்டு, கையெழுத்திட்ட ஒரு பத்திரம் உண்டு. தோட்டத்துக் கொட்டகையில் அகப்பட்ட சிப்பாய்க்குப் பிடித்தவனின் வாய்ச்சொல்லே சட்டம். டிசம்பர் மாத நடுவில் ஜித்ராத் தோல்விக்குப் பின் அலோர் ஸ்டார் பக்கம் அகப்பட்ட 14ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டின் காப்டன் மோகன் சிங், ஜப்பானிய உளவுப் பிரிவின் மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சியுடனும், பாங்காக்கிலிருந்து வந்த கியானி பிரீதம் சிங்குடனும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். அகப்படும் இந்தியர் வெள்ளைக் கைதிகளினின்றும் பிரிக்கப்பட்டு அவருடைய பொறுப்பில் விடப்பட்டார்கள். சிங்கப்பூர் விழுந்த நாளில் புதிதாக யோசித்துச் செய்ததாகப் பலர் எண்ணும் அந்தப் பிரிவினை, உண்மையில் இரண்டு மாதம் பழகிய நடைமுறை.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் உள்ளேயே அப்பிரிவினைக்கு முன்னோடி இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மலாயாவில் இந்திய அதிகாரிகளுக்குப் பல கிளப்புகளின் கதவுகள் திறக்கப்படவில்லை. 1940இல் சிங்கப்பூர் டையர்சால் பார்க்கில் தங்கியிருந்த ஹைதராபாத் ரெஜிமெண்டின் பட்டாளம் ஒன்றில், ஐரோப்பிய மாது ஒருத்தியுடன் பழகிய இந்திய அதிகாரியை ஊருக்குத் திருப்பியனுப்ப முற்பட்டதன் பேரில் சிப்பாய்கள் கீழ்ப்படிய மறுத்த சம்பவம் நடந்தது. இன்னும் பின்னே செல்வோமானால், 1915 பிப்ரவரி 15 அன்று இதே நகரில் 5ஆம் இலேசுக் காலாட்படை கலகம் செய்தபோது, டாங்லின் முகாமில் அதே சிப்பாய்கள் காவல் காத்து வந்த எம்டன் கப்பலின் ஜெர்மானியக் கைதிகளுக்கும் கதவு திறந்துவிடப்பட்டது. சென்னைக் கடற்கரையில் குண்டு வீசிய அந்த எம்டனை நாம் மறக்கவில்லை. அதன் மாலுமிகளைக் காத்தவர்கள் பின்னர் ஊட்ரம் சிறை மதிலின் முன்னே, ஊரார் பார்க்கச் சுட்டுக் கொல்லப்பட்டதைத்தான் மறந்தோம். அதற்குச் சரியாக இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1942 பிப்ரவரி 15 அன்று, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யாமாஷிதாவின் முன் சரணாகதியில் கையெழுத்திட்டார்.

மறுநாள் மாலை உத்தரவு வந்தது: பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் துருப்புகள் சாங்கிக்குச் செல்ல வேண்டும், இந்தியர் அனைவரும் ஃபேரர் பார்க்கில் கூட வேண்டும். இந்தியப் பட்டாளங்களின் பிரிட்டிஷ் அதிகாரிகளும் தங்கள் சிப்பாய்களை விட்டுச் சாங்கிக்கே போனார்கள். பட்டாளத்தின் சுக துக்கங்களில் அதிகாரி பங்கு கொள்வான் என்பதையே தர்மமாகப் போதித்து வந்த ஒரு சேனையில் இது எத்தகைய அதிர்ச்சியை விளைத்தது என்பதை ஷா நவாஸ் கானின் வாக்குமூலம் காட்டுகிறது.

ஃபேரர் பார்க் அந்நாளில், 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த பழைய திடல்; பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பிறகு விளையாட்டு மைதானமாயிற்று. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. சிராங்கூன் சாலையின் தமிழ்க் கடைகளுக்கும், பெருமாள் கோயிலுக்கும், குண்டுவீச்சின்போது சனங்கள் தஞ்சம் புகுந்த வீரமாகாளியம்மன் கோயிலுக்கும், தேக்காச் சந்தைக்கும் அது கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். பிப்ரவரி 17 அன்று அங்கே கூடியவர்கள் ஃபுஜிவாராவின் கணக்குப்படி 45,000 பேர். குறைத்துச் சொல்வோரும் நாற்பதினாயிரத்துக்கு மிகவும் கீழே இறங்குவதில்லை. பிரிட்டிஷ் தலைமையின் பிரதிநிதியாக வந்த லெப்டினன்ட் கர்னல் ஹண்ட், இனி ஜப்பானிய அதிகாரிகளின் உத்தரவுக்குக் கீழ்ப்படியுமாறு சொல்லி, ஆட்கணக்குப் பத்திரங்களை ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசினார். அது ஆங்கிலத்திலும் பின் ஹிந்துஸ்தானியிலும் சொல்லப்பட்டது. இந்தியரைக் கைதிகளாக அல்ல, சகோதரர்களாகக் கருதுவதாக அவர் அறிவித்து, அவர்களை மோகன் சிங்கின் பொறுப்பில் விட்டார். மோகன் சிங் எழுந்து, இந்தியாவின் விடுதலைக்கென ஒரு சேனை அமைக்கப்போவதாகச் சொன்னபோது ஆரவாரம் எழுந்தது. அந்த ஆரவாரம் மனப்பூர்வமானது அல்ல என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. எல்லாக் கைகளும் உயர்ந்தன என்று சொல்லவும் ஆதாரமில்லை.

ஹண்ட் செய்தது என்ன? பிரிட்டிஷ் தரப்பு பின்னர் சொன்னபடி, சரணடைந்தோரைச் சிறைப்பிடித்தவரிடம் ஒப்புவிக்கும் வெறும் நிர்வாகச் சடங்கு. பூலாபாய் தேசாய் சொன்னபடி, ராஜபக்தியின் பிணைப்பு அத்துடன் அறுந்துபோன செயல். இரண்டையும் முழுமையாக ஏற்க நம்மால் இயலவில்லை. கைதியின் விசுவாசத்தை மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் எந்தத் தளபதிக்கும் கிடையாது; ஆகவே பிணைப்பை ஹண்டின் வாய்ச்சொல் அறுத்தது என்று கொள்ளல் கடினம். ஆனால் வெள்ளையரைத் தனியே அழைத்துக்கொண்டு, இந்தியரைத் தனியே ஒப்படைத்து, அவர்களுக்கென வாதாட ஒரு பிரிட்டிஷ் உயரதிகாரியைக்கூட அங்கே விட்டுச் செல்லாத செயலை வெறும் சடங்கு என்பது, அந்த மைதானத்தில் நின்றவனின் அனுபவத்தைப் பொய்யாக்குவதாகும். சாங்கியில் இருந்த கைதிக்கு அவனுடைய சொந்த அதிகாரிகள் இருந்தார்கள். எதிர்த்துக் கேட்க ஒரு வாய் இருந்தது. நீ சூன், பிடாடரி முகாம்களில் அடைக்கப்பட்ட இந்தியக் கைதிக்கும் அவன் கோரிக்கையைக் கேட்க வேண்டியவர்களுக்கும் இடையில், ஒரு புதிய சேனையின் நிர்வாகம் வந்து நின்றது.

இன வாரியாகப் பிரித்தது சட்டவிரோதமா என்றால், இல்லை என்பதே விடை. விநோதம் அதில்தான் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் பல தேசத்துக் கைதிகளை ஒரே முகாமில் திணித்ததால் விளைந்த பூசல்களையும் கொள்ளைநோயையும் மனத்திற்கொண்டு, 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் 9ஆம் விதி, வெவ்வேறு இனத்தவரை இயன்றவரை ஒரே முகாமில் கூட்ட வேண்டாம் என்றே கூறிற்று. ஆனால் அதே முதல் யுத்தத்தில்தான் பெர்லினுக்கு அருகே வூன்ஸ்டார்ஃபில் ஜெர்மானியர் 'பிறைமுகாம்' ஒன்றை நிறுவி, முஸ்லிம் கைதிகளையும் இந்தியக் கைதிகளையும் தனியே வைத்து, மசூதி கட்டிக் கொடுத்து, தங்கள் பக்கம் திருப்ப முயன்றார்கள். தனியே வைத்தல் கருணையாகவும் இருக்கலாம், கண்ணியாகவும் இருக்கலாம் என்பதை அறிந்திருக்க வேண்டிய சட்டம் அதைப் பற்றி மௌனம் சாதித்தது. ஜப்பான் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டும் உறுதி செய்யவில்லை. 1942 தொடக்கத்தில், தகுந்த மாற்றங்களுடன் அதை அனுசரிப்பதாகவும், உணவிலும் உடையிலும் கைதிகளின் தேசிய, இன வழக்கங்களைக் கவனிப்பதாகவும் வாக்களித்தது. பகைவரின் பிரஜைகளை அவர்களுடைய நாட்டுக்கு எதிராகவே யுத்தம் செய்யக் கட்டாயப்படுத்தலாகாது என்ற 1907ஆம் ஆண்டு ஹேக் விதியோ ஜப்பானை முழுமையாகக் கட்டுப்படுத்தியது. ஆயினும் ஃபேரர் பார்க்கில் கட்டாயம் கண்ணுக்குத் தெரியவில்லை. பிரித்து வைத்துவிட்ட பிறகு அதற்கு அவசியமும் குறைந்துபோகிறது.

மைதானத்தில் இந்தியர் பிரிக்கப்பட்ட மறுநாளே, அங்கிருந்து நடந்து போகக்கூடிய தொலைவிலுள்ள ஜாலான் புசார் உள்ளிட்ட பல இடங்களில், சீன ஆடவர் வரிசையில் நிறுத்தப்பட்டுப் பொறுக்கியெடுக்கப்பட்டு, பெருந்தொகையினர் கடற்கரைகளில் கொல்லப்பட்டார்கள். விளைவில் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை உண்டு, முறை ஒன்றே. இந்தியருக்குக் காட்டிய சகோதர பாவத்தை இந்தச் சூழலில் வைத்துப் பார்க்காமல் எழுதப்படும் ஆய்வு, பாதிச் சித்திரத்தையே தரும்.

1942 செப்டம்பர் 1 அன்று முறைப்படி நிறுவப்பட்ட முதல் இந்திய தேசிய ராணுவத்தில் சுமார் 16,000 பேர் ஆயுதம் தாங்கினார்கள். அதில் சேர்ந்தவர்களின் நிலையும் உறுதியாக இருக்கவில்லை என்பதற்கு, அதே வாரத்தில் சாங்கியில் நடந்தது உதாரணம். தப்பியோட மாட்டோம் என்று எழுதிக்கொடுக்க மறுத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் செலராங் பாசறையின் முற்றத்தில் நெருக்கி அடைக்கப்பட்டபோது, தப்பியோடிப் பிடிபட்டிருந்த நால்வரைச் சுடும் காரியம் இந்திய தேசிய ராணுவக் காவலர்கள் மேல் சுமத்தப்பட்டது. சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் நேற்று வரை ஒரே பட்டாளத்தில் இருந்த தோழர்கள் அல்லர்தாம். எனினும் ஆறு மாதத்துக்கு முன் ஒரே களத்தில் நின்றவர்கள். உத்தரவிட்ட ஜெனரல் ஃபுகுயே யுத்தத்துக்குப் பின் மரண தண்டனை பெற்றார்; துப்பாக்கி பிடித்தவர்கள் அப்போது கைதிகளா, ஜப்பானின் துணைவர்களா, தனி நாட்டின் வீரர்களா என்பதற்கு எவரும் திருப்தியான விடை சொல்லவில்லை. டிசம்பர் 29 அன்று மோகன் சிங்கையே ஜப்பானியர் கைது செய்தபோது, அவரை எந்த அந்தஸ்தில் வைத்துக் கைது செய்தார்கள் என்பதற்கும் விடையில்லை. தாம் அமைத்த சேனையை அவர் கலைத்துவிட்டபடியால், அவருடைய ஆட்கள் தாங்கள் மீண்டும் கைதிகள் என்றார்கள். சிறைப்பிடித்தவரோ அதை ஒப்பும் மனநிலையில் இல்லை.

மறுத்தவர்களின் கதை இதைவிடக் கொடியது. காப்டன்கள் பத்வாரும் தர்கால்கரும் கூண்டில் 88 நாள் அடைக்கப்பட்டார்கள். பிடாடரியில் பிடிவாதக்காரரை அடைத்து அடித்த தனி முகாம் ஒன்று, இந்தியரின் பொறுப்பிலேயே நடந்ததாக யுத்தத்துக்குப் பிந்திய சாட்சியங்கள் கூறுகின்றன. அதை மறைத்து எழுதுவது சுபாஷ் சந்திர போஸுக்குச் செய்யும் மரியாதை ஆகாது, அவர் சிங்கப்பூருக்கு வந்ததே 1943 ஜூலை மாதத்தில்தான். அதே 1943இல் ஆயிரக்கணக்கான இந்தியக் கைதிகள் கப்பல்களில் ஏற்றப்பட்டு நியூ கினி, நியூ பிரிட்டன், பலாவு முதலிய தீவுகளுக்குக் கூலி வேலைக்காக அனுப்பப்பட்டார்கள். நியூ கினியின் வேவாக் பகுதிக்குப் போனவர்கள் மூவாயிரத்தை ஒட்டியவர்கள். 1945இல் ஆஸ்திரேலியர் கண்டெடுத்தபோது எஞ்சியவர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். அவர்களுள் ஒருவரான அதிகாரி சிந்த் சிங், ஜப்பானியருக்கு எதிராகச் சாட்சி சொல்வதற்கென்று பின்தங்கியதால் உயிர் தப்பினார். ஊர் திரும்பப் புறப்பட்ட தோழர் சிலர் விமான விபத்தில் மாண்டார்கள்.

இவர்களை ஜப்பானிய நிர்வாகம் கைதிகளாகக் கணக்கில் கொள்ளவில்லை, தானே முன்வந்த தொழிற்படையினர் என்றே கொண்டது. பட்டினி போட்டதற்கும் அடித்ததற்கும் பின்னர் நீதிமன்றங்களில் சொல்லப்பட்ட சமாதானமும் அதுவே: எங்கள் படையின் உட்கட்டுப்பாடு, கைதிகளைப் பற்றிய சட்டம் இதில் நுழையாது. சேர மறுத்ததற்காக அனுப்பப்பட்டவனை, சேர்ந்தவன் என்ற காரணம் காட்டித் தண்டிக்கலாம் என்னும் இந்தத் தர்க்கம், ஃபேரர் பார்க் அறிவிப்பிலிருந்து நேராகக் கிளைத்தது. சகோதரன் என்று அழைக்கப்பட்ட கணத்திலேயே கைதிக்குரிய கவசம் கழன்றுவிட்டது. ரபவுலில் 1946 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் விசாரித்த தனாகா சுயிச்சி வழக்கு, இதில் இன்னொரு முகத்தைக் காட்டுகிறது. சீக்கியக் கைதிகளைக் கம்பத்தில் கட்டி, தலைமுடியையும் தாடியையும் வெட்டி, சிகரெட் புகைக்கும்படி நிர்ப்பந்தித்தது யுத்தக் குற்றமே என்று அந்நீதிமன்றம் தீர்த்தது. அவர்களைக் கைதிகள் என்று முதலில் ஏற்றிராவிட்டால் அத்தீர்ப்புக்கு இடமே இருந்திராது. கோசாவா வழக்கிலும் அவ்வாறே. கோசாவாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறையும், வெட்டிக் கொன்ற நகாமுரா என்ற லெப்டினன்டுக்குத் தூக்கும் கிடைத்தன.

ஆகவே பிரிட்டிஷ் நீதிமன்றம் சிங்கப்பூரில் சொன்னது சட்டப்படி சரி. அதே அரசு டில்லியில் அதே கூற்றை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதுதான் நெருடுகிறது. கைதியாக நீடித்தான் என்பதிலிருந்து, விசுவாசத்தில் நீடிக்கக் கடமைப்பட்டான் என்பது தானாகப் பெறப்படுவதில்லை. அதற்கு அடிமைப்பட்ட தேசத்துப் பிரஜையின் விசுவாசம் எத்தகையது என்ற தனி விவாதம் வேண்டும். அதைத் தேசாய் எழுப்பினார், நீதிமன்றம் கேளாமல் விட்டது. அந்த மூன்று அதிகாரிகளின் ஆயுள் தண்டனையை 1946 ஜனவரி தொடக்கத்தில் தலைமைத் தளபதி ஆகின்லெக் ரத்துச் செய்ததற்குக் காரணம் சட்டமன்று. தெருவில் எழுந்த கொந்தளிப்பு. விடுதலைக்குப் பின்னும் அவர்கள் பழைய ராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. திரும்பி வந்த கைதிகளை 'வெள்ளை, சாம்பல், கறுப்பு' என்று தரம் பிரித்த விசாரணை அதிகாரிகளும், விசுவாசத்தைக் கொண்டே அந்தஸ்தை அளந்தார்கள். ஃபுஜிவாராவின் அளவுகோலும் அதுவாகவே இருந்தது என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

நம்மவரின் நினைவில் ஃபேரர் பார்க் ஏன் தங்கவில்லை என்பதற்கு இங்கே ஒரு காரணம் கூறலாம். தமிழர் அறிந்த இந்திய தேசிய ராணுவம் 1943க்குப் பிற்பட்டது: பாடாங் திடலில் ஜூலை 5 அன்று நேதாஜி பார்த்த அணிவகுப்பு, கத்தே கட்டிடத்தில் அக்டோபர் 21 அன்று அறிவித்த தற்காலிக அரசு, டாக்டர் லட்சுமியின் ஜான்சி ராணிப் படை, ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளர். இவர்கள் கைதிகள் அல்லர். தோட்டத்தையும் வீட்டையும் விட்டுத் தாமாக வந்தவர்கள். முதல் படையின் சிப்பாய்களோ பெரும்பாலும் பஞ்சாபியர், டோக்ராக்கள், கடுவாலியர், பட்டாணியர். மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகளில் இருந்த தென்னாட்டார் சிறுபான்மையர். தோட்டத் தொழிலாளியின் சேர்க்கையை மாதிரியாகக் கொண்டு கைதியின் சேர்க்கையையும் எடைபோடும் பழக்கம் நம் எழுத்தில் வேரூன்றிவிட்டது. முன்னவனுக்குத் திரும்பிப் போக ஒரு லயம் இருந்தது, பின்னவனுக்கு முள்வேலி. இருவர் துணிவையும் ஒரே தராசில் நிறுப்பது இருவருக்குமே அநியாயம்.

சட்டம் தன் குறையைப் பின்னர் ஓரளவு உணர்ந்தது. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் 22ஆம் விதி, கைதிகளைத் தேசம், மொழி, வழக்கம் ஆகியவற்றின்படி சேர்த்து வைக்க வேண்டும் என்று கூறிய அதே மூச்சில், பிடிபடும்போது எந்தச் சேனையில் இருந்தார்களோ அச்சேனையின் மற்றக் கைதிகளிடமிருந்து அவர்களுடைய சம்மதமின்றிப் பிரிக்கலாகாது என்றும் தடுத்தது. 7ஆம் விதியோ, தனக்குரிய உரிமைகளைக் கைதி தானாகவே விட்டுக்கொடுக்கவும் முடியாது என்கிறது. ஒரு விதி அவன் சம்மதத்தைக் கேட்கிறது. மற்றொன்று அதை நம்ப மறுக்கிறது. முரண்பாடு என்று இதைக் குறை கூறுவோர் உண்டு. பசியோடு முகாமில் கிடப்பவனின் சம்மதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் சட்டம் தயங்கியிருப்பதாகவே நாம் கொள்கிறோம். அத்தயக்கம் 1942இல் எவருக்கும் இருக்கவில்லை.

அத்தயக்கத்தை நடைமுறையில் சந்திக்கும் பொறுப்பு, யாரும் எதிர்பாராத வகையில், இந்திய ராணுவத்தின் மேலேயே வந்து விழுந்தது. கொரிய யுத்தம் 1953இல் நின்றபோது, ஊர் திரும்ப மறுத்த கைதிகளின் விருப்பத்தை அறியும் நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவுக்கு ஜெனரல் திம்மையா தலைவரானார். முகாம்களைக் காத்தவர்கள் தோரட்டின் தலைமையில் சென்ற இந்தியத் துருப்புகள். இரு தரப்பாரும் கைதிகளிடம் தம் நியாயத்தை எடுத்துச் சொல்லலாம், ஆனால் நடுநிலை நாடுகளின் பிரதிநிதிகள் பார்த்திருக்கச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாடும் முகாம்களுக்குள்ளிருந்த கட்சிக்காரர்களின் அச்சுறுத்தலால் பாதியில் தடைப்பட்டது உண்மையே. எந்தப் பக்கமும் போக விரும்பாமல் மூன்றாம் நாட்டைக் கேட்ட 88 பேர், காவல் படையுடன் கப்பலேறி, 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். ஃபேரர் பார்க்கில் நின்றவர்களுக்கு முன் வைக்கப்பட்டவை இரண்டு வழிகள். விளக்கிச் சொன்னவர் ஒரே தரப்பினர். கேட்டுக்கொண்டிருந்த நடுநிலையாளர் எவருமில்லை. கொரியாவில் ஒரு மூன்றாம் வழியைத் திறந்து வைத்தவர்களுள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தம் பட்டாளங்களை அந்த மைதானத்தில் இழந்த ஒரு ராணுவத்தின் அதிகாரிகள் இருந்தார்கள் என்பது, இவ்விரு சம்பவங்களையும் சேர்த்து ஆராயப் போதிய காரணமாகும்.